சுழலும் தண்டுக்கு வேலியிட்ட பிரபு

பன்வில நகரைத் தாண்டி மடுல்கலைப் பக்கம் ஏறும் பாதையில் மாலை வேளையில் நடப்பவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை கண்ணிற் படுமுன்பே அதன் ஓசை காதில் விழும். தோட்டத்து மக்கள் அதனைத் தொழிற்சாலை என்பதில்லை, ஸ்டோர் என்பர். அத்தகைய ஸ்டோர் ஒன்றில் என் தந்தையார் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தார். கொழுந்தை அரைக்கும் ரோலர்களுக்கு அக்காலத்தில் சக்தியைக் கொணர்ந்தது, தலைக்கு மேலே கட்டடத்தின் நீளம் முழுவதும் ஓடிய ஓர் இரும்புத் தண்டு. அத்தண்டிலிருந்து பட்டையான பெல்ட்டுகள் இறங்கிக் கீழுள்ள சக்கரங்களைச் சுழற்றும். 1968ஆம் ஆண்டில் ஓரிரவு அந்தப் பெல்ட்டுகளில் ஒன்று அவருடைய வலக்கை விரல்கள் இரண்டைக் கொண்டு போயிற்று.

எவ்வாறு நேர்ந்தது என்று கேட்போருக்கெல்லாம் அவர் தந்த விடை ஒன்றே. தம்முடைய கவனப்பிசகு என்பார். கணக்கப்பிள்ளையும் அதையே சொன்னார். லயத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். என் தாயாரோ கோபம் வந்த போதெல்லாம் அதையே சொன்னார். சிறுவனாகிய நானும் அதை நம்பியே வளர்ந்தேன். பிற்காலத்தில் ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, மாணவருக்குச் சொல்லத்தக்க பெரியோர் சரித்திரங்களைத் தேடிக் கண்டி நூலகத்துக்குப் போய்வந்த நாட்களிலேதான் ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் வரலாறு என் கைக்கு எட்டியது. அதன் நடுப்பகுதியில், ஸ்டொக்போர்ட் நகரத்து நூற்பாலைப் பெண்ணொருத்தியின் வழக்கை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வழக்கை விளக்கவே இவ்வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

அன்ரனி அஷ்லி கூப்பர் 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். குடிப்பிறப்பில் குறைவில்லை, செல்வத்திலும் குறைவில்லை, தாய் தந்தையரின் அன்பில்தான் முழுக்குறை. தந்தை கடுமையே உருவானவர். தாய் விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் மனத்தைச் செலுத்தியவர். அம்மாளிகையில் அக்குழந்தையை மடியிலிருத்திக் கதை சொன்னவரும், கைகூப்பக் கற்பித்தவரும் மரியா மில்லிஸ் என்ற பணிப்பெண் ஒருவரே. அவர் இறக்கும்போது தம்மிடமிருந்த பொற்கடிகாரத்தை அச்சிறுவனுக்கு விட்டுச் சென்றார். பிற்காலத்தில் பிரபுப் பட்டமும் பெருமையும் வந்தடைந்த பின்னரும் அவர் வேறொரு கடிகாரத்தை அணிந்ததில்லை. ஊழியம் செய்து வாழ்ந்த ஒரு பெண்ணே அவருக்குத் தாயாயிருந்தார் என்பதை மறந்து அவருடைய வாழ்வை வாசித்தால் பாதிதான் விளங்கும்.

ஹரோ பள்ளியில் பயின்ற நாட்களில் ஒரு காட்சி. குன்றின் சரிவில் ஏழை ஒருவனின் பிரேதப்பெட்டியைச் சிலர் தூக்கி வந்தனர். எல்லோரும் குடித்திருந்தனர், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் திருப்பத்தில் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினர். பின்னே அழுதுவர ஒருவருமில்லை. ஏழை என்ற ஒரே காரணத்தால் மனிதனுக்கு இறுதி மரியாதையும் கிட்டாதா என்று அன்று எழுந்த எண்ணம் தம் வாழ்நாளின் போக்கை முடிவு செய்ததாக அவர் முதுமையிற் கூறியதுண்டு. பெரியோர் பலரின் சரித்திரங்களில் இத்தகைய காட்சி ஒன்றேனும் இருக்கும். எல்லாவற்றையும் நான் நம்புவதில்லை. ஆனால் இதன் பின்னே அறுபது ஆண்டுகளின் உழைப்பு சாட்சியாக நிற்கிறது.

ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் முதல் வகுப்பில் தேறி, 1826இல் தம் இருபத்தைந்தாவது வயதிலேயே பாராளுமன்றம் புகுந்தார். 1828இல் இந்திய விவகாரங்களை மேற்பார்வை செய்த கட்டுப்பாட்டுச் சபையில் இடம்பெற்றார். நம் கண்டத்தோடு அவருக்கிருந்த தொடர்பு அன்று தொடங்கியது. மனநோயாளரைச் சங்கிலியிட்டு வைத்திருந்த விடுதிகளைச் சீர்திருத்தும் பணியையும் அதே ஆண்டிலேயே மேற்கொண்டார். அப்பணியை இறக்கும்வரை விடவில்லை.

1832இன் இறுதியில் நடந்த தேர்தலில், தொழிற்சாலைக் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கப் பாடுபட்ட மைக்கேல் சட்லர் என்பார் லீட்ஸ் தொகுதியில் தோற்றார். அவர் தோற்ற தொகுதியில் வென்றவர்களுள் ஒருவர், நம் நாட்டார் ஆங்கிலக் கல்வியை எண்ணும்போதெல்லாம் எண்ணும் மெக்காலேதான். தலைவனிழந்த அவ்வியக்கத்துக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. 1833இல் புல் என்ற பாதிரியார் அஷ்லியிடம் வந்து கேட்டார். அஷ்லி அதுவரை ஆலை ஒன்றின் உட்புறத்தைக்கூட அறியாதவர், நிலவுடைமைக் குடும்பத்தவர், பழமை பேணும் கட்சியினர். தம் மனைவி எமிலியிடம், இப்பணியை ஏற்றால் பதவிகளும் நண்பர்களும் போய்விடக்கூடும் என்று எடுத்துரைத்தார். அவ்வம்மையார் தயங்காது முன்செல்லச் சொன்னார். பதவிகள் உண்மையாகவே போயின. 1841இல் பீல் பிரதமரானபோது அரண்மனைப் பதவியொன்று தேடிவந்தது. பத்துமணி நேர வேலைச் சட்டத்தை அரசாங்கம் ஏற்காதவரை தாமும் ஏற்பதற்கில்லை என்று மறுத்துவிட்டார்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவு, நூற்பாலைகளிலிருந்து விலக்கியது; நாடு முழுவதற்கும் நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. ஆனால் அச்சட்டம் நேரத்தைப் பற்றிப் பேசியதேயன்றி இயந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பெண் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று சொன்னதே தவிர, எதன் அருகே நிற்கலாம் என்று சொல்லவில்லை.

ஆலைகளில் நீராவி இயந்திரம் ஓரிடத்தில் இருக்கும். அதன் விசையை ஒவ்வொரு தளத்துக்கும் கொண்டுசெல்வன கிடைத்தண்டுகளும் நிமிர்ந்த தண்டுகளும். சுழலும் தண்டு பார்வைக்கு வெகு சாது. வழுவழுப்பான இரும்பு, நின்றிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் இரண்டு தண்டுகளை இணைக்கும் இடத்தில் ஒரு திருகாணியின் தலை துருத்தி நிற்கும். அல்லது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். முன்றானையோ அவிழ்ந்த கூந்தலோ அதில் ஒரு முறை பட்டால் போதும். அடுத்த சுற்றில் அது இறுகும், அதற்கடுத்த சுற்றில் ஆளே இழுக்கப்படுவார். இயந்திரத்தை நிறுத்தக் குரல் கொடுத்து, அக்குரல் கீழ்த்தளத்தை எட்டுமுன் எல்லாம் முடிந்துவிடும். என் தந்தையாரின் ஸ்டோரிலிருந்த தண்டும் இந்த வகைதான். நூறு ஆண்டுகளில் அதன் குணம் மாறவில்லை.

ஸ்டொக்போர்ட் ஆலையொன்றில் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் உடை நிமிர்ந்த தண்டொன்றில் சிக்கியது. அத்தண்டைச் சுற்றி மறைப்பு எதுவுமில்லை. உயிர் பிழைத்தாள், ஆனால் கால்கள் சிதைந்து வாழ்நாள் முழுவதும் ஊனமானாள். இதுபோன்றவை வாரந்தோறும் நிகழ்ந்தவைதாம். வேறுபாடு என்னவெனில், அஷ்லி பிரபு அவளுக்காக நியாயஸ்தலம் செல்லத் துணிந்தார். தோற்றால் எல்லாச் செலவையும் தாமே ஏற்பதாகப் பொறுப்புக் கூறினார். அவர் தந்தையுடன் பிணக்குற்றிருந்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தவர். பிரபு என்ற பெயருக்கேற்ற பணம் அவரிடம் என்றும் இருந்ததில்லை. 1840ஆம் ஆண்டில் இலிவர்ப்பூல் நீதிமன்றத்திற்குச் சென்ற அவ்வழக்கு அப்பெண்ணுக்கு 100 பவுண் நட்டஈட்டோடு முடிந்தது. வழக்குச் செலவும் ஆலை முதலாளியின் தலையிலேயே விழுந்தது.

நூறு பவுண் ஒரு பெண்ணின் கால்களுக்கு ஈடாகுமா என்று நாம் கேட்கலாம். ஆனால் அத்தொகை இங்கிலாந்தின் ஆலை முதலாளிகளை வேறொரு கணக்குப் போட வைத்தது. அதுவரை விபத்து என்பது தொழிலாளியின் கவனப்பிசகு, இழப்பு அவனுடையது, இயந்திரம் யாருக்குச் சொந்தமோ அவருக்கு அதில் பங்கில்லை. இரண்டு பலகைகளும் சில ஆணிகளும் கொண்டு தண்டை மறைத்திருந்தால் அப்பெண் நடந்திருப்பாள் என்ற எளிய உண்மை முதன்முறையாகப் பணத்தின் பாஷையிற் சொல்லப்பட்டது.

வழக்கோடு அஷ்லி நின்றுவிடவில்லை. தொழிற்சாலைச் சட்டம் எவ்வாறு நடைபெறுகிறதென ஆராய அதே 1840இல் பாராளுமன்றக் குழுவொன்றை அமைப்பித்து அதற்குத் தலைமை தாங்கினார். 1841இல் ஆய்வாளர்கள் விபத்துகளைத் தடுக்கும் வழிகளைப் பற்றித் தனியே அறிக்கைகள் எழுதினர். இவற்றின் பயனாக 1844ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்ற விதி வந்தது. குழந்தைகளும் பெண்களும் இளையோரும் செல்லும் இடங்களில் சக்கரங்களும் தண்டுகளும் மறைக்கப்பட வேண்டும். இயந்திரம் ஓடும்போது அதனைத் துடைக்க அவர்களை ஏவலாகாது. விபத்து நேர்ந்தால் அறிவிக்க வேண்டும். ஆய்வாளர் எச்சரித்த பின்னும் மறைக்காத இயந்திரத்தால் காயம் நேர்ந்தால் 10 முதல் 100 பவுண் வரை தண்டம், அதனைக் காயமுற்றவருக்கே கொடுக்கவும் கூடும். அந்த நூறு பவுண் எங்கிருந்து வந்ததென்று வாசகர் ஊகித்துக்கொள்வர்.

வேலி என்ற சொல்லையே அச்சட்டம் கையாண்டது. நாம் பயிருக்கு இடும் வேலி ஆடு மாடுகளிடமிருந்து பயிரைக் காப்பதற்கு. இந்த வேலியோ உள்ளே இருப்பதிடமிருந்து வெளியே இருப்பவரைக் காப்பது. கோயில் யானைக்கும் கூண்டுப் புலிக்கும் உள்ள மரியாதையைச் சக்கரத்துக்கும் தரவேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இடையே 1842இல் சுரங்கங்களில் பெண்களும் சிறுமிகளும், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டத்தையும் நிறைவேற்றினார். பத்துமணி நேரச் சட்டம் 1847இல் நிறைவேறியபோது அவர் பாராளுமன்றத்தில் இல்லை. தானியச் சட்டப் பிரச்சினையில் முந்திய ஆண்டே பதவி துறந்திருந்தார். பதினான்கு ஆண்டுகள் தோள் கொடுத்த தேர் நிலையை அடைந்தபோது அவர் வடத்தைப் பிடித்திருக்கவில்லை. புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களின் துயரத்தை முற்றாக ஒழிக்க 1875 வரை செல்லவேண்டியிருந்தது.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நேர்மையன்று. தேர்தல் உரிமையை விரிவாக்கிய சீர்திருத்தங்களை அவர் எதிர்த்தார். தொழிலாளர் தாமே கூடி உரிமை கேட்பதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் ஐயத்தோடு நோக்கினார். ஏழைக்கு இரங்குவதற்கும் ஏழையை நிகராக மதிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அவர் முழுவதும் கடந்துவிடவில்லை. ஆலை முதலாளிகள் அவருடைய தந்தையின் டோர்செட் நிலங்களில் வாழ்ந்த உழவர்களின் குடிசைகளைச் சுட்டிக்காட்டி நகைத்தனர். அந்நகைப்பில் உண்மை இருந்தது. அதை மறுக்காமல் 1843இல் அந்த மாவட்டத்துக் கூட்டமொன்றிலேயே உழவர் நிலையைக் கண்டித்துப் பேசித் தந்தையின் சினத்துக்கு ஆளானார். 1851இல் தந்தை இறந்து ஷாப்ட்ஸ்பரி பிரபுவானபோது அவருக்கு வந்து சேர்ந்தவை பழுதடைந்த குடிசைகளும் பெருங்கடனும்.

இனி வருவது இவ்வரலாற்றில் எவரும் அதிகம் பேசாத பகுதி. 1854இல் அரசாங்கம், தரையிலிருந்து ஏழடிக்கு மேலே ஓடும் தண்டுகளுக்கும் காப்பு வேண்டும் என்று வற்புறுத்தத் தொடங்கியது. ஏழடிக்கு மேலே யார் கை நீளும் என்று முதலாளிகள் கேட்டனர். கழன்ற பட்டையை மாட்ட ஏணியில் ஏறுபவன் கையும், சுவருக்கு வெள்ளையடிப்பவன் கையும் நீளும் என்பது விபத்து அறிக்கைகளில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் 1855இல் அவர்கள் சங்கம் அமைத்துப் பணம் திரட்டினர். ஆய்வாளர்களுள் மூத்தவரான லெனர்ட் ஹோர்னர் உறுதியாக எதிர்த்து நின்றார். சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப்பத்திரிகையில் ஹென்றி மோர்லி என்பவர் ஆலைகளில் அரைபட்டோரின் கணக்கை அடுக்கடுக்காக எழுதினார். மறுபக்கம் ஹரியற் மார்ட்டினோ என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் அம்மையார் முதலாளிகளுக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதி, அரசாங்கத்தின் தலையீட்டைச் சாடினார். இலக்கிய உலகம் ஓர் இரும்புத் தண்டின் உயரத்தைக் குறித்து இரண்டாகப் பிளந்து நின்றது! டிக்கன்ஸ் தம்முடைய ஹார்ட் டைம்ஸ் நாவலில் ஆலையிற் கையிழந்த சிறுமியொருத்தியைப் பற்றி எழுதிய பகுதியை அச்சேறுமுன் தாமே நீக்கிவிட்டார். கலையமைதி கருதி நீக்கியிருக்கலாம். நீக்காதிருந்தால் நாவல் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முடிவில் முதலாளிகளே வென்றனர். 1856ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களும் குழந்தைகளும் இளையோரும் வழக்கமாக நெருங்கக்கூடிய பகுதிகளுக்கு மட்டும் காப்புப் போதும் என்று விதியைத் தளர்த்தியது. ஷாப்ட்ஸ்பரி பிரபு பிரபுக்கள் சபையில் இருக்கும் காலத்திலேயே அவர் நாட்டிய வேலியின் ஒரு பக்கம் பிடுங்கப்பட்டது. வளர்ந்த ஆண் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது அச்சட்டத்தின் உட்கருத்து; அவனுக்கு ஏதும் நேர்ந்தால் மறுபடியும் கவனப்பிசகுதான்.

எழுபது வயதைக் கடந்த பின்னர் அவருடைய பார்வை நம் பக்கம் திரும்பியது. பம்பாய் ஆலைகளில் சிறுபிள்ளைகள் வேலை செய்வதை 1875இலும் மீண்டும் 1879இலும் பிரபுக்கள் சபையில் எடுத்துரைத்தார். இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் அப்போது அவரோடு சேர்ந்து குரல் கொடுத்தனர். இதனால் இந்தியர் பலர் இம்முயற்சியை ஐயுற்றனர், அது இயல்பே. ஆனால் லங்காஷயரைச் சட்டத்துக்குள் கொண்டுவர வாழ்நாளைச் செலவிட்டவர் லங்காஷயரின் இலாபத்துக்காகப் பேசினார் என்பது பொருந்தாது. 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளுக்கு அது பொருந்தும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விலக்கியது. இயந்திரங்களுக்கு வேலியும் கட்டளையிட்டது. ஆனால் தேயிலை, கோப்பித் தோட்டங்களின் தொழிற்கூடங்களுக்கு அது பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆலைத் தண்டு அறுக்கும், தோட்டத்துத் தண்டு அறுக்காது போலும்.

இலங்கைக்கு அச்சட்டமும் இல்லை. 1844இல் அங்கே வேலிச் சட்டம் நிறைவேறிய காலத்தில் கண்டியைச் சூழ்ந்த இம்மலைகளில் காடழித்துக் கோப்பி நட்டுக்கொண்டிருந்தனர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். முதலில் பங்களாத் திண்ணையில் கையாலேயே கொழுந்தை உருட்டினர். சில ஆண்டுகளில் அவரே உருட்டும் இயந்திரமொன்றை அமைத்துக்கொண்டார். கையின் வேலையை இயந்திரம் ஏற்றது நல்லதே. கையும் அதன் அருகிலேயே நிற்க வேண்டியிருந்ததுதான் வினை. இங்கு 1896இல் சுரங்கங்கள், இயந்திரங்கள் பற்றிய பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1934இல் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. கடைசியாகச் சொன்னது 1950இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான இயந்திரப் பகுதி எதுவாயினும், அருகே நிற்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், அதற்குக் காப்பு வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே 1968இல் என் தந்தையாரின் ஸ்டோரில் சட்டம் இருந்தது.

ஷாப்ட்ஸ்பரி பிரபு 1885 அக்டோபர் முதலாம் நாள் போக்ஸ்டன் என்ற கடற்கரையூரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடைபெற்ற வழிபாட்டின்போது இலண்டன் தெருக்களில் பூ விற்பவர்களும், கந்தைப் பள்ளிச் சிறுவர்களும், தள்ளுவண்டி வியாபாரிகளும் திரண்டு நின்றனர். அவ்வியாபாரிகள் முன்னொருகால் அவருக்குக் கழுதையொன்றைப் பரிசளித்திருந்தனர். தமக்குக் கிடைத்த பரிசுகளுள் அதனைப் பெரிதாக அவர் மதித்ததாகச் சொல்வர். அரசர்களும் புலவர்களும் உறங்கும் அத்தேவாலயத்தில் அடக்கஞ்செய்ய இடமளிக்க முன்வந்தும், தம் சொந்தக் கிராமத்திலேயே அடங்க அவர் விரும்பியிருந்தார். 1893இல் பிக்கடிலிச் சந்தியில் அவர் நினைவாக எழுந்த நீரூற்றின் உச்சியிலுள்ள இறகு முளைத்த சிற்பத்தை இன்று உலகம் காதற்றெய்வமாகக் கொண்டாடுகிறது. அது யாருடைய நினைவுச்சின்னம் என்று கேட்டால் அங்கே படமெடுத்துக்கொள்வோர் பலர் விழிப்பர்.

இவ்வரலாற்றை என் தந்தையாருக்குப் பல மாலைகளில் சிறிது சிறிதாகச் சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்று எங்களோடு வசித்துவந்தார். பணிப்பெண்ணின் கடிகாரத்தைக் கேட்டு மௌனமானார். கழுதையைக் கேட்டுச் சிரித்தார். ஸ்டொக்போர்ட் பெண்ணின் கதையை இருமுறை சொல்லச் சொன்னார். 1856ஆம் ஆண்டு வேலி பிடுங்கப்பட்ட பகுதிக்கு வந்தபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

பிறகு, நாற்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அந்தச் சக்கரத்துக்குக் கம்பிவலைக் கூடு ஒன்று இருந்ததாம். பெல்ட் கழலும் போதெல்லாம் அதைக் கழற்றி மாட்டுவதில் கால் மணி நேரம் போகும். கொழுந்து மிகுந்து வந்த பருவம். இரவு முழுவதும் அரைத்தும் தீரவில்லை. விபத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் மேலிருந்து உத்தரவு வந்தது. கூட்டைக் கழற்றி மாடிப்படியின் கீழே சாத்திவைத்தனர். அதன் ஒரு முனையைத் தூக்கிச் சென்றவர் அவரே. அதனாலேதான் தம் பிசகு என்று சொல்லி வந்தாராம். விரல்கள் போன மறுநாள் காலையில் அந்தக் கூடு பழைய இடத்திலேயே இறுக்கிப் பூட்டப்பட்டிருந்ததை, வைத்தியசாலையில் தம்மைப் பார்க்க வந்த கூட்டாளிகள் சொல்லி அறிந்தாராம்.